சூளைத் தலையில் வைத்த கப்பல்

என் மகன் ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து செய்த கப்பலைப் பாழாக்கியவன் நான். அந்தப் பழி என் மருமகள் மேல் விழுந்தபோது வாயைத் திறக்காமல் இருந்தவனும் நான்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம், விருத்தாசலத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. பெயர்களை எழுதவில்லை. எழுதினால் அவர்கள் இருவருக்கும் இன்னொரு தொந்தரவு. நான் கொடுத்தது போதும்.

நான் பீங்கான் தொழில்நுட்பம் படித்தவன். வேலையில் இருந்த காலமெல்லாம் களிமண்ணும் சூளையும்தான். ஓய்வு பெற்ற பிறகும், தொழிற்பேட்டையில் நண்பர் ஒருவர் நடத்தும் பொம்மைப் பட்டறைக்கு அவ்வப்போது போய்ச் சூளை சரியாக எரிகிறதா என்று பார்த்துக் கொடுப்பேன். மனைவி காலமாகிவிட்டாள். வீட்டில் நான், மகன், மருமகள் மூன்று பேர்.

மகன் கடற்படையில் இருந்தவன். கப்பலின் இரும்பு ஏணியில் வழுக்கி விழுந்து முதுகில் பலத்த அடி. உடல்நிலையைக் காட்டி வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் நாள் முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கூட வேலை பார்த்தவர்கள் போன் செய்தால் எடுக்க மாட்டான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், இல்லாவிட்டால் இல்லை. மருமகள் இங்கே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எத்தனையோ சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் ஆன்லைனில் ஒரு பெட்டியை வரவழைத்து அவன் கட்டில் மேல் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து நாசகாரிப் போர்க்கப்பல் ஒன்றின் பிளாஸ்டிக் மாதிரி அது. அசலில் முந்நூற்றைம்பதில் ஒரு பங்கு. கட்டி முடித்தால் ஒரு முழத்துக்குக் குறைவாக வரும்.

பல நாள் அந்தப் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. பிறகு ஒரு நாள் காலையில் பார்த்தால், ஜன்னலோரம் மேஜையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பெட்டியில் வந்ததை ஒட்டி முடித்துவிடுவான் என்று நினைத்தேன். அவனோ பாதியை பிளேடால் சீவி எறிந்தான். அவற்றுக்குப் பதிலாக வைக்க வேறு கம்பெனிக்காரர்கள் தனியாக உதிரிகள் செய்து விற்கிறார்களாம். காகிதத்தைவிட மெல்லிய பித்தளைத் தகட்டில் கைப்பிடிக் கம்பிகள், ஏணிகள், ரேடார் வலை எல்லாம் பொறித்து வரும். ஒவ்வொன்றையும் வெட்டியெடுத்து, இடுக்கியால் மடித்து, ஊசி முனையில் பசை தொட்டு ஒட்ட வேண்டும். பீரங்கிக் குழாய்கள்கூட கடைசலில் கடைந்த பித்தளை. ஒரு ஏணிக்கு ஒரு காலை நேரம் போய்விடும்.

"கம்பெனிக்காரன் குடுத்தத சீவிப் போட்டுட்டு வேற ஒட்டுறியே, அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிபோச்சு?" என்று கேட்டேன்.

"அவன் குடுத்த கம்பிய அசல் அளவுக்குப் பெருசு பண்ணிப் பாருப்பா, ஒரு ஆளு தொடை கனத்துக்கு இருக்கும். அதைப் புடிச்சிகிட்டு எவன் நிப்பான்?" என்றான்.

மருமகள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். ஊருக்கு வந்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு தினமும் பள்ளி விட்டு வந்ததும் அவளும் அந்த மேஜையில் போய் உட்கார்ந்துவிடுவாள். அவன் ஒட்டும்போது விளக்கைப் பிடிப்பாள், கீழே விழுந்த கண்ணுக்குத் தெரியாத பித்தளைத் துண்டைத் தரையில் தவழ்ந்து தேடுவாள். கொடிமரத்துக்குக் கட்ட நூல் தடிமனாக இருக்கிறது என்று அவன் அலுத்துக்கொண்டபோது, தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தாள். "ஒண்ணுதான் தருவேன், பாத்துக் கட்டுங்க" என்று அவள் சொன்னது கூடத்தில் எனக்குக் கேட்டது. ஒன்றை மறைக்கக் கூடாது. அவர்கள் சந்தோஷமாக இருந்தது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் டிவி முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும்போது சில சமயம் எரிச்சலாகவும் இருந்தது.

சித்திரை பிறந்தது. அவனோடு ஒரே கப்பலில் இருந்தவர்கள் விசாகப்பட்டினத்தில் குடும்பத்தோடு கூடுவதாக இருந்தார்கள். அவன் போகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தான். யாரையும் பார்க்க மாட்டேன் என்று இருந்தவன், கப்பலைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவதாகச் சொன்னான். மருமகள் இருவருக்கும் ரயில் டிக்கெட் போட்டுவிட்டாள். அந்தப் பயணத்துக்குப் பிறகு அவன் எழுந்துவிடுவான் என்று நாங்கள் இருவரும் நம்பினோம்.

கடைசிப் பூச்சு அடித்த மறுநாள் அவன் முதுகுப் பரிசோதனைக்காகச் சென்னை போக வேண்டியிருந்தது. பெயின்ட் இன்னும் விரலில் ஒட்டியது. "தானா காயட்டும். யாரும் தொடாதீங்க. அந்த ஜன்னல மட்டும் தொறக்காத" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனான். அது மேற்குப் பார்த்த ஜன்னல். வெயில் நேராக மேஜை மேல் விழும்.

அவள் பள்ளிக்குப் போன பிறகு நான் போய்ப் பார்த்தேன். ஈரப் பெயின்டில் தூசி படிய ஆரம்பித்திருந்தது. எங்கள் தொழிலில் ஈரமாக ஒரு பொருளை விட்டுவைப்பதுதான் பெரிய பாவம். சூளை எரிந்து முடிந்ததும் அதன் தலையில், அதாவது மேல் செங்கல் தளத்தில், இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளை வரிசையாக வைப்போம். அந்த இளஞ்சூட்டில் அழகாகக் காயும். பையனுக்கு ஒரு உதவி செய்வோமே என்று தோன்றியது. இவர்கள் இருவரும் செய்யும் வேலையில் எனக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்றும் தோன்றியது. அட்டைப்பெட்டியில் வைத்து ஆட்டோவில் பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

காலையில்தான் சூளையை அணைத்திருந்தார்கள். மேல் தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கை பொறுத்தது. கை பொறுக்கும் சூடு பொம்மைக்குப் பொறுக்கும் என்பது எங்கள் கணக்கு. காலமெல்லாம் சூளையோடு கிடந்து மரத்துப்போன கை அது என்று நினைக்கவில்லை. பலகை ஒன்றைப் போட்டுக் கப்பலை வைத்துவிட்டு, நண்பரோடு டீ குடிக்கப் போய்ப் பேச்சில் உட்கார்ந்துவிட்டேன்.

தீயை அணைத்த பிறகுதான் சூளையின் தலை சூடேறும். உள்ளே இருக்கும் வெப்பம் செங்கல் வழியாக மெதுவாக வெளியே வர அவ்வளவு நேரம் பிடிக்கும். எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதுதான்.

திரும்பி வந்தபோது கப்பல் நடுவில் வயிறு தொங்கி, முன்பக்கம் ஒரு புறமாகத் திரும்பியிருந்தது. பித்தளை வளையவில்லை. ஒட்டிய இடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு கம்பிகள் எழுந்து நின்றன. பொம்மைக்கு வர்ணம் தீட்டும் அம்மா ஒருத்தி எட்டிப் பார்த்து, "தண்ணியில வுடுற கப்பல நெருப்புல வுட்டுட்டீங்களே சார்" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மருமகள் வருவதற்கு முன் கப்பலை மேஜையில் பழையபடி வைத்து, தூசிக்காக அவன் வழக்கமாகப் போடும் துணியால் மூடினேன். அவள் வந்து டீ போட்டுக் கொடுத்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். மகனிடமே முதலில் சொல்வோம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அவன் வந்தான். பையைக்கூட இறக்கி வைக்காமல் துணியை எடுத்தான். பிறகு அவளைக் கூப்பிட்டான். நான் கூடத்தில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன்.

"ஜன்னல தொறந்தியா?"

"நேத்து ஸ்கூலு வுட்டு வந்து தொறந்தேங்க. பெயின்ட் நாத்தம் தாங்கல. உடனே சாத்திட்டேன். வெயிலு மேஜைகிட்டகூட வரல."

"வராமத்தான் இப்படிக் கோணிச்சா?"

"சத்தியமா இல்லைங்க."

அவன் கூடத்துக்கு வந்தான். அவளும் பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றாள். "நீ வூட்டுலதான இருந்த? ஜன்னல் எவ்வளவு நேரம் தொறந்திருந்துச்சுப்பா?" என்று என்னைக் கேட்டான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது.

"நான் தூங்கிட்டேன்பா, கவனிக்கல" என்றேன்.

அவன் அவளை அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை. "நான் படுத்தே கெடந்தாத்தான் உனக்கு வசதி, இல்ல?" என்று மட்டும் கேட்டான். அந்தப் பெட்டியை வாங்கி வந்து அவனை எழுப்பி உட்கார வைத்தவளைப் பார்த்து அப்படிக் கேட்டான். விசாகப்பட்டினம் டிக்கெட்டை ரத்து செய்தார்கள். அவன் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் பேசினால் பதில் கிடையாது. கோடை விடுமுறை விட்டதும், போயிட்டு வரேன் மாமா என்று சொல்லிவிட்டு ஸ்ரீமுஷ்ணத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். பள்ளி திறந்தும் வரவில்லை. அங்கிருந்தே பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சூளையைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் இப்படிச் செய்தான் என்று தெரிந்தால் கேவலம் என்பது ஒன்று. சொன்னால் மகன் என் முகத்திலும் விழிக்க மாட்டான் என்பது இன்னொன்று. நாள் போகப் போக, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கே பதில் இல்லாமல் போனது.

கார்த்திகை வாக்கில் அவள் தம்பி ஒரு வேனைக் கொண்டுவந்து, அவளுடைய துணிமணிகளையும் சர்டிபிகேட்டுகளையும் எடுத்துப் போனான். காலி பீரோவின் கதவு மூடாமல் ஆடிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் மகனின் கட்டிலருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். "அவகிட்ட சொன்னியா?" என்றான்.

"இல்லப்பா."

"மொதல்ல போயி அவகிட்ட சொல்லு."

மறுநாள் ஸ்ரீமுஷ்ணம் போனேன். வாங்க மாமா என்று நாற்காலி போட்டாள், மோர் கொடுத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். முடித்ததும், "நீங்களா வந்தீங்களா, அவரு அனுப்பிச்சாரா?" என்று கேட்டாள். இனியும் பொய் வேண்டாம் என்று, அவன்தான் போகச் சொன்னான் என்றேன்.

"எப்படிக் கோணிச்சுங்கறது இப்ப எனக்கு எதுக்கு மாமா? நான் இல்லைன்னு சொன்னேன். அவரு உங்களக் கேட்டாரு. என் வார்த்தை போதும்னு அவருக்குத் தோணல" என்றாள். காலி மோர் டம்ளரை எடுத்துக்கொண்டே, "நீங்க தூங்கலன்னு எனக்கு அப்பவே தெரியும். நான் வந்ததும் போட்டுக் குடுத்த டீய குடிச்சீங்களே, அப்புறம் எங்க தூங்கினீங்க? பெரியவங்கள பொய்க்காரர்னு எப்படிச் சொல்றதுன்னு சும்மா இருந்துட்டேன்" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மாமா, மழை புடிக்கிறதுக்குள்ள பஸ்ஸு ஏறுங்க" என்றாள். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் மகன் தானே போனான். முதுகு வலியோடு பஸ்ஸில் போனான். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். இருட்டுகிற நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தான்.

"என்னப்பா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. நல்லா இருங்கன்னா."

பிறகு இருவரும் கோர்ட்டில் சண்டை போடாமலே பிரிந்துகொண்டார்கள். அதே கப்பலின் புதுப்பெட்டியையும், அதற்கான பித்தளை உதிரிகள் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து வரவழைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்தான் போனில் பார்த்து ஆர்டர் போட்டுக் கொடுத்தாள். மகன் பெட்டியை வாங்கிப் பார்த்தான். "இத யாரு விளக்கு புடிக்க நான் ஒட்டுறது?" என்று கேட்டுவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டது போல இருந்தது.

இப்போது அவன் தூத்துக்குடியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து மாத்திரை போட்டாயா என்று கேட்பான், போட்டேன் என்பேன். அதற்கு மேல் எங்களுக்குப் பேச எதுவும் வருவதில்லை. அவள் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

உண்மையைச் சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்கிறார்கள். எனக்கு ஆகவில்லை. நிலைப்படியில் நின்று அவள் என் முகத்தைப் பார்த்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் சொல்லியிருந்தால்தான் அது உண்மை. அதற்குப் பிறகு நான் எத்தனை பேரிடம் சொன்னாலும், இப்போது உங்களிடம் சொல்வதும்கூட, யாருக்கும் உதவாத வெறும் தகவல்தான் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.