வெளுத்த மோதிரம்

எங்கள் ஒரகடம் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் ஒரு நர்ஸம்மா இருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, குள்ளமான உருவம். தலைவலி என்று போனாலும் முதலில் தெர்மாமீட்டரைத்தான் உதறுவார். ஒருநாள் எனக்காக உதறியபோது அது மேசையில் பட்டு உடைந்தது. சிதறிய பாதரசத்தைக் கையாலேயே வழித்தெடுத்தார். அவருடைய கல்யாண மோதிரம் வெள்ளிபோல் வெளுத்துவிட்டது.

"ஐயோ சிஸ்டர், வூட்டுக்காரருக்கு ஆகாதே!" என்று பதறினாள், மாத்திரைக்கு வந்திருந்த, அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் பெண்.

"அடி போடி! பாதரசம் பட்டா தங்கம் வெளுக்கும். அதுக்கு அவரு இன்னா பண்ணுவாரு?" என்று சிரித்தார்.

அவள் போனதும், நான் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசுக்கு என்னோடு வந்தார். "சார், வூட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கிறேன்."

கணவர் எடுத்தார். "சும்மாதாங்க. சாப்ட்டீங்களா? இன்னா கொழம்பு?" என்று கேட்டார் நர்ஸம்மா.

பேசி முடிக்கும்வரை, போனிலேயே கணவருக்குத் தெரிந்துவிடும் என்பதுபோல, மோதிரக் கையை முந்தானைக்குள் மறைத்தே வைத்திருந்தார்.