பிரேக்குக்கு ஊற்றிய விளக்கெண்ணெய்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் கோரிப்பாளையத்தில் மாமா வீட்டில் இருந்தேன். எங்கள் வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது, மாமா வீட்டில் இரண்டு வேளை. அதனால் அம்மா என்னைக் கொண்டுவந்து விட்டுப் போனாள். மாமாவிடம் ஒரு வாடகைக் கார் இருந்தது. சோற்றைவிட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

நான் போன சமயத்தில் மாமாவுக்கும் அத்தைக்கும் பேச்சு நின்று பல மாதம் ஆகியிருந்தது. அத்தையின் தங்கை கல்யாணத்தில் பெண் அழைப்புக்குக் கார் கொண்டு வருவதாக மாமா ஊரறியச் சொல்லியிருந்தார். அன்று பார்த்து ராமேஸ்வரத்துக்கு ஒரு சவாரி கிடைக்க, போய்விட்டார். பெண் மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள். அதிலிருந்து இருவருக்கும் இடையில் எல்லாம் என் வழியாகத்தான்.

எதிரெதிரே உட்கார்ந்துகொண்டே, "மாப்ள, சோறு போடச் சொல்லு" என்பார் மாமா.

"போட்டு வச்சு எம்புட்டு நேரமாச்சுன்னு சொல்லுடா" என்பாள் அத்தை.

ஒருவர் சொன்னது மற்றவர் காதில் நன்றாகவே விழுந்திருக்கும். இருந்தாலும் நான் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார்கள். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அந்த வீட்டில் என் அளவுக்கு மரியாதை வேறு யாருக்கும் இல்லை.

ஒரு நாள் காலையில் அத்தை தன் டிரங்குப் பெட்டியை வாசல்வரை இழுத்து வந்தாள். "வாடிப்பட்டிக்குப் போறேன்னு சொல்லுடா. இனிமே வர மாட்டேன்னும் சொல்லு."

சொன்னேன். மாமா ஆணியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்தார். பிறகு, "பஸ்ஸுல கூட்டமா இருக்கும். நான் கொண்டுபோய் விடுறேன்னு சொல்லு" என்றார். வாடிப்பட்டியில் கறிச்சோறு கிடைக்கும் என்று நானும் ஏறி, முன்சீட்டில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

சமயநல்லூர் தாண்டியதும் வைக்கோல் வண்டி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே திரும்பியது. மாமா பிரேக்கை மிதித்தார். அவர் கால் தரைவரை போனதே தவிர, கார் நிற்கவில்லை. விட்டு விட்டு மிதித்துக்கொண்டே கைப்பிரேக்கையும் இழுத்தார். வைக்கோல் முன்கண்ணாடியில் உரசும்போது நின்றது. என் கையில் அத்தையின் நகம் பதிந்திருந்தது.

"எங்கப்பா வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போறாரா, இல்ல ஒரேயடியா மேல அனுப்பப் போறாரான்னு கேளுடா" என்றாள்.

கேட்டேன். மாமா காரைப் புளியமரத்தடிக்கு ஊர்ந்து கொண்டுபோய் நிறுத்தி, உட்கார்ந்தபடியே பிரேக்கை மிதித்துப் பார்த்தார். முதல் மிதியில் பஞ்சு போல உள்ளே போயிற்று. அடுத்தடுத்து மிதிக்க மிதிக்கத்தான் காலுக்குப் பிடிமானம் வந்தது.

"கொழாய்க்குள்ள காத்து ஏறிக்கிருச்சு மாப்ள."

பின்பக்க இடது சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தது. குழாய் வந்து சேருமிடத்தில் நட்டு தளர்ந்து, வழியெல்லாம் பிரேக் எண்ணெய் ஒழுகியிருக்கிறது. நட்டை முறுக்கினார். எண்ணெய் ஊற்றும் டப்பாவைத் திறந்தால், அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. அந்தக் காலத்தில் பிரேக் எண்ணெய் கிடைப்பது குதிரைக் கொம்பு. விளக்கெண்ணெயில் ஸ்பிரிட் கலந்து ஊற்றி ஓட்டினார்கள். ஸ்பிரிட் மாமாவின் சீட்டுக்கடியில் இருந்தது. விளக்கெண்ணெய் அத்தையின் பெட்டியில் இருந்தது, தலைக்கு வைக்க எடுத்து வந்தது. எனக்குப் பேதிக்குக் கொடுப்பதும் அதே புட்டியிலிருந்துதான். அது காருக்குள் போனதில் எனக்குப் பரம திருப்தி.

இனிக் காற்றை வெளியேற்ற வேண்டும். உள்ளே ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கும்போது, சக்கரத்தடியில் இருப்பவர் ஒரு சின்னத் திருகைத் திறப்பார். நுரையும் எண்ணெயுமாகப் பீச்சும். திருகை மூடிய பிறகுதான் உள்ளே இருப்பவர் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே போய்விடும். எனக்கு உட்கார்ந்தால் கால் எட்டவில்லை, நின்றால் வழுக்கியது.

"உங்க அத்தைய உக்காரச் சொல்லு."

அத்தை உட்கார்ந்தாள். மாமா மிதிக்கச் சொன்னதை நான் முன்னால் ஓடிச் சொன்னேன். மிதித்துவிட்டதைப் பின்னால் ஓடிச் சொன்னேன். அவர் திறந்து மூடுவதற்குள் அவள் காலை எடுத்திருந்தாள்.

"மூடுறதுக்கு முந்தி எடுக்க வேணாம்னு சொல்லு மாப்ள."

"மூடுனது எனக்கு எப்படித் தெரியும்னு கேளுடா."

ஓடி ஓடி எனக்கு மூச்சு வாங்கியது. புட்டியில் பாதி எண்ணெய் மண்ணுக்குப் போயிருந்தது. மீதியும் போனால் கார் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். நான் மரத்தில் சாய்ந்துவிட்டேன்.

"மிதி" என்றார் மாமா. முன்னால் நான் இல்லை.

பிரேக் கிறீச்சென்று அமுங்கியது. பிறகு காருக்குள்ளிருந்து, "மிதிச்சாச்சு."

"புடிச்சுக்க."

"ம்."

"விடு."

அத்தோடு என் பதவி போயிற்று. கொட்டாங்கச்சியில் எண்ணெயைப் பிடிக்கும் வேலை கிடைத்தது. அதைத் துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றிக்கொண்டார் மாமா. கடைசிச் சக்கரத்துக்கு வந்தபோது நுரை அறவே நின்று, எண்ணெய் தெளிவாக நூல் போல விழுந்தது.

"நுரை வரலையே மாமா."

"நீ பேசாம புடி."

மிதி, மிதிச்சாச்சு, விடு. மிதி, மிதிச்சாச்சு, விடு. பிரேக் கல் மாதிரி ஆகியிருக்க வேண்டும். மிதித்துக்கொண்டிருந்த அத்தைக்கு அது தெரியாமல் இருக்காது.

"இன்னும் காத்து இருக்கா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் இருக்கு போல" என்றார் மாமா, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு. பிறகு மெதுவாக, "அன்னைக்கு நான் வந்திருக்கணும்" என்றார்.

மிதிக்கச் சொல்லவில்லை அவர். ஆனாலும் முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "மிதிச்சாச்சு."

வாடிப்பட்டியில் கறிச்சோறு கிடைத்தது. டிரங்குப் பெட்டியை யாரும் இறக்கவில்லை. பிற்பாடு நான் பள்ளிக்கூடத்தை விட்டு, கிளீனராக, டிரைவராக எத்தனையோ ஊர் ரோட்டோரங்களில் பிரேக்குக்குக் காற்று எடுத்திருக்கிறேன். நுரை நின்ற பிறகு யாரையும் மிதிக்கச் சொன்னதில்லை. அன்று மாமாவுக்குத் தொழில் சரியாகத் தெரியாது என்றுதான் நினைத்தேன். திரும்பும்போது முன்சீட்டில் என் இடமும் போயிருந்தது. பின்சீட்டில் பெட்டியோடு உட்கார்ந்து, ஒரு சேதியும் சொல்ல இல்லாமல், நல்லாயிருக்கிற பிரேக்கைப் போய் எதற்கு அவ்வளவு நேரம் மிதித்தார்கள் என்று கோரிப்பாளையம் வரைக்கும் கடுப்போடு யோசித்துக்கொண்டு வந்தேன்.