அரைச் சம்பளக் கோட்டு

நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆனாலும் காலேஜ் படிப்புக்கு என்ன செலவாகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர் கொம்யூனில் அதிகம் பேர் இல்லை. நான் தையற்காரன். காதர் பாய் ஜவுளிக் கடை வாசலில்தான் அன்றும் இன்றும் என் மெஷின். காலேஜுக்குப் போகிற பிள்ளை முதலில் வந்து நிற்கிற இடம் அதுதான்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அளவெடுக்கும்போது வாயில் நாலு குண்டூசி வைத்துக்கொள்வது என் வழக்கம். அவை துணிக்கு எவ்வளவு உபயோகமோ, பேசாமல் தப்பிக்கவும் அவ்வளவு உபயோகம். இப்போது தொழிலுக்கு வருகிற பையன்கள் கோட்டு தைப்பது என்றால் காலரும் காஜாவும் மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. பிராஸ்பெக்டஸ்

முந்திய யுத்தம் முடிந்து பல வருஷங்கள், இந்த யுத்தம் தொடங்கச் சில வருஷங்கள் என்ற காலம். ஒரு வைகாசி மாதக் காலையில் மிராசுதார் தணிகாசலம் வில்வண்டியில் வந்து இறங்கினார். பின்னால் அவர் மகன் சம்பந்தம். பிள்ளையாண்டான் கடலூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பை நன்றாகப் பதிய வேண்டும் என்று இரண்டு தடவை படித்துத் தேறியிருந்தான். அவன் கையில் ஓர் அச்சடித்த புத்தகம். தெற்கே, ரயிலில் போக வேண்டிய ஒரு ஊரில் வெள்ளைக்காரச் சாமியார்கள் நடத்தும் கிறிஸ்தவக் காலேஜின் பிராஸ்பெக்டஸ்.

"படிடா," என்றார் மிராசுதார்.

சம்பந்தம் படித்தான். முதல் பக்கத்தில் ஆண்டவரின் அன்பைப் பற்றி இருந்தது. அதற்குக் கட்டணம் போடவில்லை. இரண்டாம் பக்கத்திலிருந்து கட்டணம் தொடங்கியது. டேர்ம் சம்பளம், ஹாஸ்டல் வாடகை, மெஸ் செலவு, லைப்ரரி, விளையாட்டு, உடைக்கப்போகிற கண்ணாடிக் குழாய்களுக்கு முன்கூட்டியே டிப்பாசிட். கடைசிப் பக்கத்தில் உடுப்பு லிஸ்டு. கோட்டு இரண்டு, சட்டை ஆறு, கால்சட்டை நாலு, பூட்ஸ், தலையணை உறை உட்பட.

"தலாணி ஒறைக்கு இன்னாடா காலேஜ்ல வேல?" என்றார் மிராசுதார். "மூணு காணி வெளைச்சல் ஒரு வருசத்துக்கு ஓடிப்போவுது. இதுல எல்லைய தாண்டுனா துணிக்கு சுங்கம் வேற கட்டணுமாம். இன்னா தையக்காரே, எதனா வழி சொல்லு."

வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம்முடைய பக்கம் பிரெஞ்சு சர்க்கார், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ் சர்க்கார். புதுத் துணி கொண்டுபோனால் சாவடியில் சுங்கம். உடுத்திப் பழகிய துணிக்கு ஒன்றும் இல்லை. அதனால் எங்கள் பக்கத்துத் தையற்காரன் இரண்டு வித்தை கற்றிருக்க வேண்டும். ஒன்று, துணியைத் தைப்பது. மற்றது, தைத்ததைப் பழசாக்குவது.

உயர்ந்த சர்ஜ் கம்பளித் துணியில், பட்டு லைனிங் கொடுத்து, சம்பந்தத்துக்குக் கோட்டு தைத்தேன். பிறகு அதை டீத் தண்ணீரில் ஊறவைத்தேன். முழங்கையைச் செங்கல்லில் தேய்த்தேன். இரண்டு நாள் வைக்கோல் போரில் புதைத்து வைத்தேன். முழங்கைக்கு இரண்டும் பாக்கெட்டுக்கு ஒன்றுமாக மூன்று ஒட்டு வைத்து, ஒற்றை நூலில் நூலோட்டம் போட்டேன். இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். மிராசுதார் பார்த்துவிட்டு, "பிச்சக்காரன் கூட இத்த போடமாட்டான்யா. பேஷ்!" என்றார். என் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய பாராட்டு அது.

2. இன்னொரு கோட்டு

அதே வாரம் சோரியாங்குப்பத்திலிருந்து அய்யாக்கண்ணு நடந்து வந்தார். குத்தகை நிலத்தில் கரும்பு வைத்திருந்தவர். அவர் மகன் ராமலிங்கம் அதே மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே தடவையில், முதலாவதாகத் தேறியிருந்தான். அவனுக்கும் அதே காலேஜ்தான். எங்களைப் போன்ற வெளிச்சீமைப் பிள்ளைகளுக்கு அங்கே, பாதிக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும் என்கிற அரைச் சம்பளச் சலுகை ஒரே ஒன்று உண்டு என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். அதை நம்பி அய்யாக்கண்ணு தன் எருமையை விற்றிருந்தார். எருமைக்கு வந்தது பாதிச் சம்பளத்துக்குச் சரியாக இருந்தது. முழுச் சம்பளம் கட்ட இரண்டு எருமை வேண்டும். அவரிடம் இருந்தது ஒன்று.

"ஒரு கோட்டு போதும் தம்பி," என்றார். "பெரிய எடத்துப் புள்ளைங்க நடுவுல நிக்கப்போறான். கூலிக்காரன் மவன்னு பாத்தாலே தெரியக்கூடாது. அவ்ளோதான்."

துணிக்கு அவரிடம் பணம் இல்லை. மிராசுதார் கோட்டில் வெட்டி மிஞ்சிய சர்ஜ் துண்டுகள் என்னிடம் இருந்தன. வெட்டுத்துண்டு தையற்காரனுக்கு என்பது எங்கள் வழக்கம். பதினோரு துண்டுகளை இணைத்தேன். இணைப்பு வெளியே தெரியாமல் இஸ்திரி போட்டு அமுக்கினேன். லைனிங்குக்குப் பாதி பழைய குடைத்துணி, பாதி மைதா மூட்டைச் சாக்கு.

காதர் பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "பிச்சக்காரன் கோட்டு மிராசுதாருக்கு, மிராசுதார் கோட்டு குடியானவனுக்கா? உன் கட நல்லா வெளங்கும்பா," என்றார்.

நான் சிரித்துக்கொண்டேன். நான் தைத்ததிலேயே சிறந்த கோட்டு அது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

3. சாவடி

புறப்படுகிற நாளில் மிராசுதார் என்னையும் வண்டியில் ஏற்றினார். காலேஜ் ஊரில் இறங்கியதும் ஒட்டுகளைப் பிரித்து, இஸ்திரி போட்டு, கோட்டைக் கோட்டாக்கித் தர வேண்டும். சும்மா உட்கார்ந்து போக விடவில்லை. லிஸ்டில் இருந்த சட்டைகளில் மூன்று என் உடம்பில், மூன்று வண்டிக்காரன் உடம்பில். வெயிலோ கொளுத்தியது. அய்யாக்கண்ணுவும் ராமலிங்கமும் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார்கள்.

பெண்ணையாற்று மணலைத் தாண்டியதும் சாவடி. இன்ஸ்பெக்டர் சம்பந்தத்தின் கோட்டைப் பார்த்தார். ஒட்டைத் தொட்டார்.

"காலேஜுக்கா போற? பாவம். போப்பா," என்றார்.

அடுத்து ராமலிங்கம். இன்ஸ்பெக்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இது பாண்டிச்சேரி சர்ஜ். புத்தம்புதுசு. கட்டு சுங்கம்!"

"ஐயா, இது ஒட்டுத் துணிங்க," என்றார் அய்யாக்கண்ணு.

"யார்கிட்ட கத உடுற? ஒட்டு எங்க, காட்டு பாப்போம்!"

காட்ட முடியவில்லை. அவ்வளவு நன்றாகத் தைத்திருந்தேன். கோட்டை உட்புறமாகத் திருப்பினால் சாக்கு தெரிந்திருக்கும். அதைச் சொல்ல வேண்டியவன் நான். மூன்று சட்டைக்குள் வேர்த்துக்கொண்டு நின்றேன். உட்புறம் பார்க்க ஆரம்பித்தால் இன்ஸ்பெக்டர் எல்லோருடைய உட்புறத்தையும் பார்ப்பார். மிராசுதார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயில் அப்போது குண்டூசி இல்லை. அப்படியும் திறக்கவில்லை.

அய்யாக்கண்ணு எருமைப் பணத்திலிருந்து சுங்கம் கட்டினார். மூன்று காணி விளைச்சலைச் செலவழிக்கப் போகிறவருக்குச் சுங்கம் இல்லை. அது சர்க்கார் சட்டம். நமக்கு எங்கே விளங்கும்?

4. வார்டன் சாமி

ரயில் தாமதம், மறுநாள்தான் போய்ச் சேர்ந்தோம். அன்று பகல் பன்னிரண்டுக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்பதால் ஸ்டேஷனிலிருந்து நேரே காலேஜுக்கு ஓடினோம். ஒட்டுகளைப் பிரிக்க நேரமில்லை.

இடமும் சலுகையும் எழுதிக் கொடுக்கிற வார்டன் சாமி நரைத்த தாடி வைத்த வெள்ளைக்காரர். நல்ல மனிதர். தமிழை அச்சடித்த மாதிரி பேசினார். முதலில் மிராசுதாரையும் சம்பந்தத்தையும் கூப்பிட்டார். நான் கதவருகில் நின்றேன்.

சாமி கோட்டைப் பார்த்தார். முழங்கை ஒட்டில் அவர் கண் நின்றது. "உமது தொழில் யாது?" என்றார்.

"பயிர்த்தொழிலுங்க," என்றார் மிராசுதார். அது பொய்யில்லை.

"இவ்வருடம் மழை எப்படி?"

"போதாதுங்க சாமி." அதுவும் பொய்யில்லை. எந்த வருஷம்தான் போதும்?

சாமி பெருமூச்சு விட்டு, ஒரு காகிதத்தை எடுத்து, "உம் மகனுக்கு அரைச் சம்பளம் போதும்," என்றார். மிராசுதார் கேட்கவே இல்லை. முழுப் பணமும் அவர் மடியில் இருந்தது. ஒரு நிமிஷம் திகைத்தார். அடுத்த நிமிஷம் கைகளைக் கூப்பிவிட்டார். வெளியே வந்ததும் என் காதில், "ஒட்டப் பிரிச்சிடாதயா. நாலு வருசம் இருக்கட்டும்!" என்றார்.

பிறகு ராமலிங்கம் போனான். ஹெட்மாஸ்டர் கடிதத்தைச் சாமி படித்தார். கெட்டிக்காரன், ஒழுக்கமானவன் என்றெல்லாம் எழுதியிருந்தது. ஏழை என்று எழுத ஹெட்மாஸ்டருக்குத் தோன்றவில்லை. அதைப் பார்த்தாலே தெரியும் என்று நினைத்திருப்பார்.

"உமது தொழில் யாது?"

"பயிர் வேலைங்க," என்றார் அய்யாக்கண்ணு.

சாமி ராமலிங்கத்தின் கோட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இத்தனை நேர்த்தியான உடை உடுத்தியவர் சலுகை கேட்கலாகாது. சற்றுமுன் வந்த பையனின் முழங்கையைக் கண்டிருந்தால் நீர் வெட்கப்பட்டிருப்பீர்."

அய்யாக்கண்ணு கும்பிடு போட்டார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் துண்டை உதறினார். "வாடா போலாம். கரும்புக்கு சோகை உரிக்கணும்," என்றார்.

ராமலிங்கம் கோட்டைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தான். "நல்லா தச்சிருந்தீங்கண்ணா," என்றான். கிண்டல் இல்லை. உண்மையாகத்தான் சொன்னான். கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பன்னிரண்டு அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. நான் கோட்டோடு உள்ளே போனேன். கோட்டை உட்புறமாகத் திருப்பிச் சாமியின் மேஜைமேல் விரித்தேன். குடைத்துணியும் சாக்கும் தெரிந்தன. மைதா மில்லின் நீல எழுத்து பாதி அழிந்து முதுகில் இருந்தது.

"நான் தச்சதுங்க. பதினோரு துண்டு," என்றேன்.

சாமி இணைப்புகளை விரலால் தடவி, ஒவ்வொரு துண்டாக எண்ணினார். பதினொன்று வந்தது.

பணம் கட்டுவதற்காக மிராசுதாரும் சம்பந்தமும் அப்போது மறுபடி உள்ளே வந்தார்கள். நான் சம்பந்தத்தின் கையைப் பிடித்து, முழங்கை நூலின் முடிச்சை அவிழ்த்து இழுத்தேன். ஒட்டு கீழே விழுந்தது. அடியில் சர்ஜ் கிழியாமல் இருந்தது. கோட்டின் முன்பக்கத்தை விலக்கினேன். பட்டு லைனிங் பளபளத்தது.

"டேய் தையக்காரா! இன்னாடா பண்ற?"

"இதுவும் நான் தச்சதுங்க," என்றேன் சாமியிடம்.

சாமி குனிந்து அந்த ஒட்டை எடுத்து மிராசுதாரிடம் நீட்டினார். "ஐயா, உமது வறுமை ஒரே நூலில்தான் நிற்கிறது போலும்."

5. அதற்குப் பிறகு

அரைச் சம்பளம் ராமலிங்கத்துக்கு மாறியது. சுங்கத்தில் போன குறைக்கு அவன் லைப்ரரியில் புத்தகம் துடைத்து ஈடுகட்ட ஏற்பாடாயிற்று. நாலு வருஷம் துடைத்து பி.ஏ. வாங்கினான். சம்பந்தம் முழுச் சம்பளம் கட்டி ஒன்றரை வருஷம் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பரீட்சித்துவிட்டுத் திரும்பினான்.

திரும்பி வர மிராசுதார் எனக்கு ரயில் டிக்கெட் எடுக்கவில்லை. அய்யாக்கண்ணு தன் வழிச்செலவுக் காசில் எடுத்தார். அதற்கப்புறம் பெரிய வீட்டுத் துணி ஒரு முழம்கூட என் மெஷினுக்கு வரவில்லை. இதனால் நான் நொடித்துப்போவேன் என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. அடுத்த வைகாசியில் வில்லியனூர்ப் பக்கத்திலிருந்துகூட மூன்று நிலக்காரர்கள் பிள்ளைகளோடு தேடி வந்தார்கள். கதை பரவியிருந்தது. கதையிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்.

"அந்த ஒட்டு வச்ச கோட்டுதான் எங்க புள்ளைக்கும் வேணும்," என்றார்கள். "நூல மட்டும் கொஞ்சம் கெட்டியா போடுப்பா."

முடியாது என்று சொன்னேன். வாயில் குண்டூசி இருந்ததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

நான் கற்றது இது. கோட்டுக்கு அளவெடுக்கும்போது, போடுகிறவனை மட்டும் பார்த்தால் போதாது. அதைப் பார்க்கப் போகிறவர் யார் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இப்போதும் வைகாசி பிறந்தால் அய்யாக்கண்ணு மாதிரி யாராவது ஒருவர் வருகிறார். அவரிடம் நான் சொல்வது: "பையன் வயலுக்குப் போடுற சட்டையிலேயே கூட்டிப்போங்க. சலுகை எழுதிக் கையில குடுத்தப்புறம் கோட்ட போட்டுக்கட்டும்." சாமியார்களின் காலேஜுக்குள் நுழையும்போது ஏழையாகத் தெரிய வேண்டும். நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகு ஏழையாகத் தெரியவே கூடாது. இந்த இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே கோட்டைத் தைக்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.