பதினோராம் இலக்க மெஷின்

அன்ரோனெற்றுக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் தேடத் தேவையில்லை.

பேசாலை மீனவர் தகவல் நிலையத்தில் ஏழு வருடமாகக் கணினிகளைக் கட்டி மேய்த்தவள் அவள். அந்தக் கந்தோரில் முதல் வயரை இழுத்ததே அவள்தான். 2018இல் நானாட்டானிலிருந்து பிரசாந்தன் என்றொருவன் பட்டத்தோடு வந்து சேர்ந்தான். இரண்டே மாதத்தில் கந்தோர்க் கோப்பு முழுவதையும் கிளவுட்டுக்கு ஏற்றினான். எல்லா மெஷினும் ஒரே வாசலால் போய்வரும்படி அங்கே ஒரு கேட்வேயும் வைத்தான். அன்றிலிருந்து முகாமையாளர் டொமினிக் வாய் திறந்தால், "தம்பியைக் கேப்பம்"தான். தேத்தண்ணீர்கூட முதலில் தம்பியின் மேசைக்குத்தான் போனது. வருட முடிவில் ஒரேயொரு நிரந்தர நியமனம் வரவிருந்தது. அது யாருக்கு என்று நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அந்த நேரத்தில்தான் காலையில் இணையம் இழுபடத் தொடங்கியது. கடல் எச்சரிக்கைச் செய்திகள் வள்ளங்கள் போன பிறகுதான் கடற்றொழிலாளரின் போனுக்குப் போய்ச் சேர்ந்தன.

"கேட்வேயால என்ன போகுது, என்ன வருகுது எண்டு பதிவு வைக்கவேணும், சேர். நான் செய்து தாறன்," என்றாள். பிரசாந்தன் கந்தோர் இணையத்தில் சினிமாப் படம் இறக்குகிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"நல்லது அக்கா. எனக்கு அதுக்கு நேரம் கிடைக்கேல்லை," என்றான் அவன். அந்தப் பணிவுதான் அவளுக்கு ஆகாதது.

இரண்டு நாள் இருந்து செய்து முடித்தாள். எந்த மெஷின், எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு அனுப்பியது, எவ்வளவு இறக்கியது என்பதெல்லாம் வரி வரியாகப் பதிவாகும். கடைசியாக ஒரு பூட்டும் போட்டாள்: ஒரு வருடத்துக்கு அதில் ஒரு வரியைக்கூட எவராலும் அழிக்க முடியாது. பிடிபட்டால் அவன் அழித்துப்போடுவானே.

திங்கட்கிழமை பதிவைத் திறந்தாள். காலை ஐந்து தொடக்கம் ஏழு வரை வழியை அடைத்துக்கொண்டிருந்தது பதினோராம் இலக்க மெஷின். அது அவளுடையது.

2006இல் சண்டைக்குத் தப்பி இந்தியாவுக்கு வள்ளம் ஏறியபோது அவளுடைய சான்றிதழ்ப் பை கடலோடு போனது. திரும்பி வந்து குடியேறியபின், தான் அன்ரோனெற்தான் என்று காட்ட இரண்டு வருடம் அரசாங்கக் கச்சேரிக்கு அலைந்தாள். அதன்பின் எதற்கும் மூன்று பிரதி வைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இப்படிப்பட்டவள் பிரசாந்தனின் கிளவுட்டை நம்புவாளா? கோப்பெல்லாவற்றையும் தினமும் விடியற்காலையில் இன்னும் இரண்டு இடத்துக்கு அனுப்பும்படி தன் மெஷினில் ரகசியமாக ஒழுங்கு செய்திருந்தாள். அது இப்படி வழியை மறிக்கும் என்று அவள் நினைக்கவேயில்லை.

அழித்துப் பார்த்தாள். பூட்டு அவளுக்கும் பூட்டுத்தான்.

டொமினிக் பின்னால் வந்து நின்றார். "பதினொண்டு ஆற்ற மெஷின்?"

கூடவே வந்த பிரசாந்தன் திரையைப் பார்த்தான். மெஷின்களுக்கு இலக்கம் கொடுத்தவனே அவன், அவனுக்குத் தெரியாதா? "பாத்துத்தான் சொல்லவேணும், சேர். என்ர பிழையாயும் இருக்கலாம். கேட்வேயை வச்சது நான்தானே."

அன்ரோனெற்றுக்கு முகம் சுட்டது. தேத்தண்ணீர் அவனுக்குப் போகட்டும், நியமனமும் போகட்டும். இந்த நல்ல மனதும் அவனுக்கா வாய்க்கவேண்டும்? இதையாவது அவனுக்கு விட்டுக்கொடுக்கக்கூடாது.

"பதினொண்டு என்ர மெஷின், சேர்," என்றாள்.