மூடியில் ஒரு மஞ்சள் உறை

டோரீன் டாப்ஸ்காட் முப்பது வருஷம் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் எங்கள் கிராமத்துப் பள்ளிப் பேருந்தை ஓட்டியவர். பிள்ளைகள் வரும்வரை ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து, ஜாம் பாட்டில் மூடிகளுக்குக் குரோஷே ஊசியால் நூல் உறை பின்னுவார். இந்த வருஷம்தான் முதன்முதலாக ஊர்க் கண்காட்சிப் போட்டிக்குப் பிளம் ஜாம் வைத்தார். மூடியில் மஞ்சள் உறை.

நடுவர் மிஸஸ் கிராஞ்ச் பாட்டிலைத் திறக்கவே இல்லை. போட்டிப் பாட்டிலில் அலங்காரம் கூடாதாம். 'விதிப்படி இல்லை' என்று ஓர் அட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்தார்.

"உறையக் கழட்டிட்டு ஒரு வாய் ருசி பார்த்தா கை தேஞ்சிடுமா, மகாராணி?" என்றார் டோரீன்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், டோரீன்."

"போட்டி ஜாமுக்கா, மூடிக்கா? சட்டையப் பார்த்தே ஆளைத் துரத்துறீங்களே!"

மிஸஸ் கிராஞ்ச் தேநீர் மேஜை ஒன்றுக்குப் போய் உட்கார்ந்தார். அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டோம்.

டோரீன் உறையைப் பிடுங்கி, மூடியைத் திருகித் திறந்தார். மேஜை மேஜையாக வந்து, கேட்காமலேயே ஒவ்வொருவர் ரொட்டியிலும் ஜாமை அள்ளித் தடவினார்.

"தின்னுங்க. தின்னுட்டு, எப்படி இருக்குன்னு சத்தமாச் சொல்லுங்க."

'பிரமாதம்!' என்று சத்தமாகவே சொன்னோம். மிஸஸ் கிராஞ்சும் மெல்லத் தன் தட்டை முன்னால் நகர்த்தினார். டோரீன் அதைத் தாண்டிப் போனார்.