இணைச்சீருக்கு வந்த அக்கா

அக்கா என் தலையில் மாட்டிய அந்தத் தொப்பி இன்னும் கண்ணில் நிற்கிறது. நீச்சல் குளத்தில் போடுவது போன்ற இறுக்கமான துணித் தொப்பி. அங்கங்கே உலோகப் பொட்டுகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர். கோயமுத்தூரில் என்ஜினீயரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தவள், தெரிந்த ஆஸ்பத்திரி ஒன்றில் மூளையின் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியைச் சனிக்கிழமைகளில் மட்டும் தொட அனுமதி வாங்கியிருந்தாள். மாட்டிப் பார்க்க ஒரு தலை வேண்டும். குடும்பத்தில் சும்மா இருந்த தலை என்னுடையது. பெருந்துறையிலிருந்து பஸ் ஏறிப் போனேன். அம்மா வழக்கம்போல எண்ணெய் வழிய வழியத் தேய்த்து, சடை பின்னி, கனகாம்பரமும் வைத்து அனுப்பியிருந்தாள். எண்ணெய்த் தலையில் அந்தப் பொட்டுகள் ஒட்டாது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? "ஏன் அம்மணி, ஊட்டுல இருந்த எண்ணெய் அத்தனையும் உன் தலைலதானா?" என்று சிரித்துக்கொண்டே, குழாயடியில் என்னைக் குனிய வைத்து அக்காவே ஷாம்பு போட்டு அலசினாள். பூவெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. பிறகு கண்ணை மூடி ஆடாமல் உட்காரச் சொன்னாள். திரையில் என் மூளை கோடு கோடாக ஓடியிருக்கிறது. நான் திருட்டுத்தனமாக ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு ஆசையாக அவள் என் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. "கண்ணைத் தொறக்காதே, கோடு கெட்டுப்போச்சு பாரு" என்று திட்டினாள்.

பொறாமை அன்றுதான் ஆரம்பித்தது என்று சொன்னால் பொய். அவளுடைய பழைய யூனிபார்மைப் போட்டுக்கொண்டு அதே பள்ளிக்குப் போனவள் நான். "நீ அவளோட தங்கச்சியா?" என்று கேட்காத டீச்சர் கிடையாது. கல்லூரியில் அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் மோட்டார், பம்ப் செட், காற்றாலை என்று ப்ராஜெக்ட் எடுத்தபோது, இவள் மட்டும் ஒரு நரம்பு செல்லை மின்சுற்றாக வரைந்துகொண்டு போய் நின்றாளாம். இதை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனிக்குப் போவாய் என்று கேட்டார்களாம். அவள் கம்பெனிக்கே போகவில்லை. பெங்களூரில் ஆராய்ச்சி, அப்புறம் ஜெர்மனி, இப்போது அங்கேயே சொந்தமாக ஒரு ஆய்வுக்கூடம், அவளுக்குக் கீழே ஒரு கூட்டம் பிள்ளைகள். அவள் கத்தியையோ எலியையோ தொடுவதில்லை. மற்றவர்கள் அளந்து தரும் துடிப்புகளை வைத்து, மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று கணக்கு எழுதி, அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறாள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். எங்கள் ஊருக்கு இதுவும் புரியவில்லை. அவள் லீவில் வந்தாள் என்றால் போதும், கால் மரத்துப்போகிற பெரியப்பன் ஒருவர் ஸ்கேன் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். "அவ ஊசி போடற டாக்டர் இல்லீங்க பெரியப்பா" என்று நான் சொன்னால், "தெரியுமுங் கண்ணு, அதுக்கும் மேல படிச்ச டாக்டரு" என்பார். அக்காவும் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அவருக்கு அதிலேயே பாதி வலி போய்விடும்.

அப்பா போனபோது அவள் பெங்களூரில் இருந்தாள், நான் பி.காம். முடிக்கும் தறுவாயில் இருந்தேன். ஈரோட்டில் அவர் நடத்திய மஞ்சள் மண்டியை யாராவது பார்த்தாக வேண்டும். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானே போய் உட்கார்ந்தேன். தம்பி அப்போது பள்ளிக்கூடப் பையன். காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடியதும், பள்ளியில் பெற்றோர் வரச் சொன்னால் போய்த் தலைகுனிந்து நின்றதும், பரீட்சைக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கி வழிந்ததும் நான்தான். கல்யாணம் ஆன பிறகும் பக்கத்துத் தெருவிலேயே வீடு பார்த்துக்கொண்டேன். படிப்பு அவளுக்கு, பேர் அவளுக்கு, அம்மாவின் பெருமை அவளுக்கு. தம்பி மட்டும் எனக்கு என்று மனசுக்குள் ஒரு பங்கு பிரித்து வைத்திருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால், நான் பிசைந்து கொடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு அவன் ஓடுவான். "பெரியக்கா, எப்ப வாரீங்க?" என்பான். எனக்கு வயிறு எரியும்.

அவனுக்குப் போன தை மாதம் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் அவன் பக்கத்தில் அமர்ந்து, பொண்ணுக்கு எடுத்த கூறைச் சேலையை ஒரு பக்கம் அவனும் மறு பக்கம் அவளுமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பொண்டாட்டி வந்தாலும் உன்னை விட்டுவிட மாட்டேன் என்று சபைக்கு முன்னால் சொல்கிற மாதிரி அது. அந்த இடம் ஒருத்திக்குத்தான். வளர்த்தவள் என்ற முறையில் அது எனக்கு என்று நினைத்திருந்தேன். பட்டுச் சேலைகூட எடுத்துவிட்டேன். அம்மாதான் தலையில் கல்லைப் போட்டாள். "பெரியவ வந்தா அவதானே கண்ணு உக்காரோணும்? வராட்டி நீ இருக்கவே இருக்கறே."

அக்காவுக்கு அதே வாரம் ஏதோ பெரிய மாநாடு. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. "பாக்கறேனுங்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஆனைமலை அம்மன் கோயிலுக்குப் போனேன். அங்கே அநியாயம் செய்தவர்களுக்கு எதிராக மிளகாய் அரைத்து வேண்டிக்கொள்வார்கள். அந்தக் கல்லின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். கூடப் பிறந்தவளுக்காக மிளகாய் அரைக்கிற அளவுக்கு நான் இன்னும் போகவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆக வேண்டாம் தாயே, அந்த மாநாடு மட்டும் ரொம்ப நன்றாக நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தேன்.

அவள் வந்துவிட்டாள். முகூர்த்தத்தன்று காலை, விமான நிலையத்திலிருந்து நேராக மண்டபத்துக்கு, கசங்கிய சுடிதாரோடு வந்து இறங்கினாள். வாசலில் இருந்த கூட்டம் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவளைச் சுற்றிக்கொண்டது. அதற்குள் சடங்குகளை நடத்தும் அருமைக்காரர் மேடையிலிருந்து குரல் கொடுத்தார். "இணைச்சீருக்கு யாருங்க? பெரியம்மணியா, சின்னம்மணியா?" நான் பட்டுச் சேலையோடு மேடை ஓரத்தில் நின்றேன். அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். "அவளே உக்காரட்டுமுங்க. எனக்கு முறையெல்லாம் தெரியாதுங்க" என்றாள்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் நான் மேடை ஏறுவதற்குள் சபை முழுக்கப் பேச்சு. "அத்தனை படிச்சும் துளி கெருவம் இருக்குதா பாருங்க, தங்கச்சிக்கு உட்டுக் குடுத்துபோட்டாளே." எனக்குச் சேர வேண்டியதை நான் வாங்கிக்கொண்டேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவள் கொடுத்தாள், அவ்வளவுதான். கூறைச் சேலையின் ஒரு பக்கத்தை என் கையில் கொடுத்தார்கள். மறு பக்கத்தைத் தம்பி பிடித்திருந்தான். நிமிர்ந்து பார்த்தேன். அவன் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து அல்ல. என் தோளுக்குப் பின்னால், தூண் பக்கம் நின்ற அவளைப் பார்த்து.

அக்கா திரும்பிப் போன பிறகு ஒருநாள் மண்டிக்கு வந்தவனிடம் கேட்டே விட்டேன். "ஏன்டா, அவளைப் பாத்து அப்பிடி அழுதே?" அவன் யோசிக்கவே இல்லை. "நீங்க இருப்பீங்கன்னு தெரியுமுங்க்கா. அவங்க வருவாங்களான்னுதான் தெரியாம இருந்துச்சு" என்றான். கூடவே, சாயங்காலம் சாப்பிட வருவதாகவும் ரசம் வைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனான்.

ஆத்திரம் தாங்காமல் அக்காவுக்கே போன் போட்டு, அவன் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவள் சிரிக்கவில்லை. "இத்தனை வருஷமா நான் எழுதிக்கிட்டு இருக்கறதே இதுதான் அம்மணி" என்றாள். "வரும்னு தெரிஞ்சது வந்தா மூளைல சந்தோஷத்துக்குன்னு இருக்கற செல்லுக அசையறதே இல்லை. வருமோ வராதோன்னு இருந்தது வந்தாத்தான் துள்ளும். ஆனா வரும்னு நம்பி இருக்கறது ஒருநாள் வராமப் போச்சுன்னு வெய்யி, அப்பத்தான் எல்லாம் சுத்தமா அடங்கிப்போகும். நான் வராட்டி அவன் கல்யாணம் நடந்திருக்கும். நீ அன்னைக்கு இல்லாட்டி அவன் மேடையே ஏறியிருக்க மாட்டான்."

"சரி, ரசம் வெக்கோணும், வெச்சுபோடறேன்" என்று போனை வைத்தேன். அவள் சொன்னது ஆறுதலாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆயுசு முழுக்க நான் எரிந்த எரிச்சலை, எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவள் கணக்காக எழுதி, அதற்கும் பேர் வாங்கிவிட்டிருக்கிறாள்.