தோசை திருப்புவதற்குள் ஒரு கதை

இது நடந்த கதை. சத்தியம். ஆனால் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன், அதையும் இப்போதே ஒத்துக்கொள்கிறேன். மாவு என்றால் பொங்கத்தான் செய்யும்.

இரண்டாயிரத்து நாலு நவராத்திரிக்கு, கல்கத்தா பவானிபூரில் எங்கள் தமிழ்க் கூட்டம் சேரும் வாடகைக் கூடத்தில், சுண்டல் பொட்டலம் மடித்துக்கொண்டே இதைச் சொன்னேன். கேட்டவர்கள் மூன்று பேர். துறைமுகத்தில் வேலை பார்க்கும் பரமசிவம், கேன்டீனில் தட்டு எடுத்த சண்முகம், அப்புறம் ஜகதாம்பாளின் மகள் லதா. கதையே ஜகதாம்பாள் அக்காவைப் பற்றித்தான்.

வீட்டுக்காரர் வேலை பார்த்த சணல் ஆலையை மூடியதும், தொண்ணூற்று நாலில் அக்கா டாலிகஞ்சில் ஒரு ஸ்டூடியோ கேன்டீனில் தோசைக்கல் போட்டார். நான் அதே ஸ்டூடியோவில் லைட் தூக்கினேன். அக்கா சாம்பாரை இறக்கினால் வாசம் கரியாஹாட் மார்க்கெட் வரை போகும். அங்கே இலீஷ் மீன் வாங்கியவன் மீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவான்.

முழுப் படத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் வரிக்கு சினிமாக்காரர்கள் ஒன்லைன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதை முதலில் அக்காவிடம் சொல்லிப் பார்ப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. மாவை ஊற்றியதும் தொடங்க வேண்டும். தோசையைத் திருப்புவதற்குள் முடிக்க வேண்டும். அக்கா “அப்புறம்?” என்று கேட்டால் கதை பிழைத்தது. “சட்னியா, சாம்பாரா?” என்று கேட்டால் காகிதத்தைக் கிழித்துவிட்டுச் சாப்பிட உட்கார வேண்டியதுதான்.

“ஒரு திருடன், திருடின வீட்டுக்கே காவல்காரனா வேலைக்குப் போறான்” என்று ஒருவன் சொன்னபோது அக்கா அடுப்பையே தணித்துவிட்டார். அடுத்தவன் வாழ்க்கையின் வெறுமை என்று ஆரம்பித்தான். அவனுக்குச் சட்னிதான். ஏன் என்று கேட்டேன்.

“அவனுக்கு என்ன போயிடும்னு சொல்லவே இல்லையேப்பா. எதுவும் போகாதவனுக்காக நான் எதுக்குத் தோசையை விடணும்?”

தொண்ணூற்று ஒன்பது மே மாதம். ஸ்டூடியோ மேனேஜர் நிமாய் பாபு கையெழுத்துப் போட்டால்தான் ஒவ்வொரு வருஷமும் கேன்டீன் அனுமதி நீளும். அந்த வருஷம் முட்டை ரோல் சுற்றி விற்கும் ஒரு கடைக்காரனும் அந்த இடத்தைக் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தான். கடைசி நாள் காலை பதினோரு மணிக்கு, அனுமதிக் காகிதம் சட்டைப்பையில் எட்டிப்பார்க்க, நிமாய் பாபு கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். பேச்செல்லாம் வங்காள மொழி, அக்காவை அங்கே தீதி என்பார்கள். எனக்கு வருகிற தமிழில் சொல்கிறேன்.

“தீதி, மாவை ஊத்துங்க. நானும் ஒரு கதை எழுதியிருக்கேன். பன்னெண்டு மணிக்குத் தயாரிப்பாளர் கேக்க வர்றாரு.”

கேன்டீனில் இருந்த இருநூறு பேரும் வாயை மூடினோம். சரி, பன்னிரண்டு பேர். அக்கா மாவை ஊற்றினார். அன்றைக்கு மாவு வட்டமாகப் பரவவில்லை.

“ஒரு ஜமீன்தார் வீடு. ரெட்டைப் பொண்ணுங்க. ஒருத்திக்கு ஞாபகம் போயிடுது, இன்னொருத்தி டாக்டர். வெள்ளம் வருது. வெள்ளத்துல ஒரு ஓவியன் வர்றான். அவன் பெட்டியில ஒரு கடுதாசி…”

தோசையின் ஓரம் எழும்பியது. திருப்புகிற நேரம். அக்கா கேட்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. அந்தக் கல் போனால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. அது அங்கே எல்லோருக்கும் தெரியும். நிமாய் பாபுவுக்கும் தெரியும்.

பின்னால் தட்டோடு நின்ற சண்முகம் தமிழில் முணுமுணுத்தான். “அப்புறம்னு சொல்லித் தொலைங்கக்கா. ஒரு வார்த்தைதானே.”

ஓரம் சிவந்தது. பழுத்தது. கறுத்தது. புகை மேலே போய் மின்விசிறியில் சுற்றியது. நிமாய் பாபு கதையை முடித்துவிட்டு அக்காவின் வாயையே பார்த்தார்.

“தோசை கருகிடுச்சு, பாத்தீங்களா?” என்றார் அக்கா.

“பாத்தேன்.”

“அஞ்சு வருஷத்துல இதான் முதல் தடவை. உங்க கதையில மயங்கிப்போய் விடல. உங்க சட்டைப்பையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். கையெழுத்து விழுமா, விழாதா? அது ஒண்ணுதான் மனசுல ஓடுச்சு. உங்க ரெட்டைப் பொண்ணு, டாக்டர், ஓவியன், யாரு பையிலயாவது அப்படி ஒரு காகிதம் இருக்கா?”

நிமாய் பாபு தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். அக்கா கருகியதைச் சுரண்டித் தட்டில் வைத்தார்.

“சட்னியா, சாம்பாரா?”

எனக்கு வேர்த்த வேர்வையில் கங்கைக்கு வெள்ளம் வந்திருக்கும். நிமாய் பாபு காகிதத்தை வெளியே எடுத்தார். பேனா கேட்டார். கல் மேடையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். “சட்னி” என்றார். கருகல் மிச்சமில்லாமல் தின்றார். பன்னிரண்டு மணிக்குத் தயாரிப்பாளரிடம் ஜமீன்தார் பேச்சையே எடுக்கவில்லை. “ஒரு தோசைக்காரி, ஒரு கையெழுத்து” என்றுதான் ஆரம்பித்தார்.

சொல்லி நிறுத்தினேன். சண்முகம் பொட்டலத்தைக் கீழே வைத்தான்.

“புளுகு. அவரு வந்து நின்னதும் முதல்ல கையெழுத்துத்தான் போட்டாரு. பேனா என்னுது. அதுக்கப்புறம்தான் கதை சொன்னாரு.”

லதா நிமிர்ந்தாள். சித்தப்பா என்பதற்கு அவள் வாயில் வங்காளிகளின் காகுதான் வரும். “அப்ப எங்கம்மா காகிதத்த வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டு வீரம் பேசினாங்கங்கறீங்களா, சண்முகம் காகு?”

“நான் அப்படிச் சொல்லலம்மா.”

“வேற எப்படிச் சொன்னீங்க? பயந்து நடுங்கி, அப்புறம்னு சொல்லுங்கன்னு கெஞ்சினது நீங்க.”

“நான் எங்க கெஞ்சினேன்? இவன் அளக்கறான், நீ நம்பற.”

பரமசிவம் வாய் நிறையச் சுண்டலோடு புகுந்தார். “தோசை கருகவே இல்லைன்னு உங்கம்மாதான் எங்கிட்ட சொன்னாங்க.”

“எங்கம்மா அதை மட்டும் ஒத்துக்கவே மாட்டாங்க. நீங்க முதல்ல சுண்டலத் திங்காம மடிங்க.”

“யாரு திங்கறா? ருசி பாத்தேன்.”

“நாலு பொட்டலம் ருசியா?” என்றான் சண்முகம்.

“ஏன்டா, பேனாவே இல்லாம பேனா என்னுதுன்னு புளுகறவன், நீ என்னைப் பேசறியா?”

லதா சுண்டல் தவலையைத் தன் பக்கம் இழுத்தாள். சண்முகம் அதன் இன்னொரு கைப்பிடியைப் பிடித்தான். பரமசிவம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.